பாட்டியை உட்கார வைக்காதீர்கள்

வாசகர் கேள்வி, பிசியோதெரபிஸ்ட் பதில்

முதியவர்களின் நடமாட்டம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் இரண்டு வரி போட்டோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் எழுதியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் இல்லை, மகளும் மருமகளும் பேரனும்தான். பெரியவர்கள் "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் போல. பினாங்கில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், என் காதிலும் தினம் அதே பதில்தான் விழுகிறது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

என் மாமியாருக்கு 74 வயது. இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. ஆனால் அன்றிலிருந்து நடக்கவே பயப்படுகிறார், நாற்காலியே கதி. கிளினிக்கில் பிசியோவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "இந்த வயசுல அம்மாவுக்கு என்ன எக்சர்சைஸ், ஓய்வெடுக்கட்டும்" என்கிறார் என் கணவர். போகலாமா?
– ஒரு மருமகள், பட்டர்வொர்த்

தாராளமாகப் போங்கள், இந்த வாரமே போங்கள், முடிந்தால் கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் சிகிச்சையில் பாதி அவருக்குத்தான்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு 400, 500 மரம், அப்புறம் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. மகன் பாயான் லெப்பாஸில் வீடு வாங்கிக் கூட்டி வந்துவிட்டார். மூன்று வருடம் கழித்து என்னிடம் வந்தபோது நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றினார், முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடினார், மூன்றாவது முறை உந்தும்போது இரண்டு முட்டியும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றோடொன்று இடிக்க, பாதி எழுந்து, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பெரிய நோய் எதுவும் இல்லை. முட்டி எக்ஸ்ரேயும் அந்த வயதுக்கு மோசமில்லை. வீட்டில் அம்மா என்னென்ன வேலை செய்வார் என்று மகனிடம் கேட்டேன். "ஒண்ணுமே செய்ய விடறதில்லைங்க, அவ்வளவு நல்லா வெச்சிருக்கோம்" என்றார், பெருமையாக. கோப்பி கைக்கு வருகிறது, பசியாற தட்டு மடிக்கு வருகிறது, ரிமோட் பக்கத்திலேயே இருக்கிறது, குளிக்க மட்டும்தான் எழ வேண்டும். அந்தக் குளியலறையில்தான் அவரும் விழுந்தார்.

முப்பது வயதைத் தாண்டியதும் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை நம் தசை குறைந்துகொண்டு வருகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதை யாராலும் முழுசாக நிறுத்த முடியாது. ஆனால் அதற்கு மேல் குறைவதெல்லாம் வயதால் இல்லை, உட்காருவதால். உங்கள் மாமியாருக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்: விழுந்தார், பயந்தார், நடையைக் குறைத்தார், கால் பலவீனமானது, பலவீனமான கால் தள்ளாடுகிறது, தள்ளாடுவதால் இன்னும் பயம். இப்படியே விட்டால் அடுத்த முறை விழும்போது இடுப்பெலும்பு தப்பாது.

"இந்த வயசுல" என்று கணவர் சொல்வதற்கு ஒரு பதில். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு 8 வாரம் எடை வைத்துத் தொடைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மை எடை இல்லை, நல்ல கனமான எடை. தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது, அதாவது இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. உங்கள் மாமியார் அவர்கள் முன் சின்னப்பிள்ளை.

முதல் நாள் என்ன நடக்கும் என்று பயப்பட வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார்கள், கையில் கடிகாரம் இருக்கும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். அப்புறம் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணுவார்கள். 74 வயதுப் பெண்ணுக்கு 10க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு. இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கென்று பயிற்சி. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் உருவான ஒரு பயிற்சி முறை உண்டு, கணுக்காலில் சின்ன எடை கட்டிக் கால் தூக்குவது, குதிகாலில் நிற்பது, ஒரு கோட்டின் மேல் நடப்பது மாதிரி வீட்டிலேயே செய்கிற சாதாரண விஷயங்கள்தான், அதைச் செய்தவர்கள் விழுவது சுமார் 35 விழுக்காடு குறைந்தது.

இன்னொன்றையும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள், பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள்: தரையிலிருந்து எழும் பயிற்சி. விழுந்தவர்களின் பயம் பெரும்பாலும் விழுவதைப் பற்றி இல்லை, விழுந்து யாரும் இல்லாமல் தரையில் கிடப்பதைப் பற்றி. ஒருபக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, கெட்டியான நாற்காலி வரை தவழ்ந்து போய், அதன் இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலைப் பாதம் பதிய முன்னால் ஊன்றி எழ வேண்டும். மெத்தையில் நாலு தடவை பழகிவிட்டால் முகமே மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாராவது விழுந்தால் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். நாற்காலியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போடுங்கள், அவரே எழட்டும். இடுப்பு வலி தாங்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் மட்டும் அசைக்காமல் 999ஐக் கூப்பிடுங்கள்.

குளியலறையில் சுவரில் துளைபோட்டு இறுக்கிய பிடிகம்பி ஒன்று வையுங்கள். துண்டு காயப்போடும் கம்பி அதற்கு ஆகாது, ஆளின் எடை விழுந்தால் கையோடு வந்துவிடும்.

கடைசியாக, மாமியாரிடம் வெங்காயம் உரிக்கக் கொடுக்காதீர்கள், அது உட்கார்ந்து செய்யும் வேலை. துணி காயப்போடக் கொடுங்கள்.

எனக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படி ஏறினால் இன்னும் தேயும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏற வேண்டும் என்று ஒரு வேண்டுதல். முடியுமா?
– ஒரு வாசகர், செந்தூல்

தேய்மானம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. அதைக் கேட்டதும் முட்டியை ஏதோ டயர் என்று நினைத்துக்கொண்டு, ஓட்டாமல் வைத்தால் மிச்சமாகும் என்று நம் ஆட்கள் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது, அழுத்திப் பிறகு விடும்போது பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சித்தான் அது சாப்பிடுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. அதோடு, முட்டிக்கு வரும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டியது முன்தொடைத் தசை, அது மெலிந்துவிட்டால் எல்லாச் சுமையும் மூட்டின் தலையில். மூட்டுவலிக்கான சிகிச்சை வழிகாட்டிகளில் எதை எடுத்தாலும் மாத்திரைக்கும் அறுவை சிகிச்சைக்கும் முன்னால் பயிற்சியைத்தான் போட்டிருக்கிறார்கள்.

பத்துமலையில் 272 படி. பயப்பட ஒன்றுமில்லை, கணக்குப் போட்டால் போதும்: செந்தூலில் அடுக்குமாடியில் இருப்பீர்கள் என்றால், ஒரு மாடிக்கு 17 படி என்று வைத்தால் 16 மாடி. இன்றைக்கு ஒரு மாடி ஏற முடிகிறதா? இந்த வாரம் அதையே ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் ஒன்றரை. மூன்று நாலு மாதம் கையில் இருந்தால் நிச்சயம் முயற்சி செய்யலாம். இருதயக் கோளாறு, மூச்சுத் திணறல் ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

படிக்குப் போகும் முன் தசை. கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே நசுக்குங்கள், 5 வினாடி, பத்துத் தடவை. முன்தொடை கல் மாதிரி ஆக வேண்டும், கையை வைத்துப் பார்த்தால் தெரியும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஆனால் உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள், முட்டி மடிந்து விழுவது இறங்கும்போதுதான். இந்த மெல்ல உட்காரும் பழக்கம்தான் 272 படியையும் கீழே கொண்டு வந்து சேர்க்கும்.

படியில் கைப்பிடியை விடாதீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அதிகம் வலிக்கும் கால் முதலில். புண்ணியம் மேலே போகும், பாவம் கீழே போகும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வலி? கொஞ்சம் வலிக்கும். பயிற்சி செய்த வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரிதான், தொடருங்கள். வராவிட்டால் முந்தைய வாரத்து அளவுக்குப் போங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். எடை கூடுதல் என்றால் அதையும் பாருங்கள், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. விரதம் இருக்கப் போகிறீர்கள்தானே, விரதம் முடிந்து நெய் வடிய ஈடுகட்டாமல் இருந்தால் சரி. கூட்டம் நெருக்கும் பூச நாளில்தான் ஏற வேண்டுமா, ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ விடியற்காலையில் போனால் முருகன் கோபிப்பாரா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் ஊர் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி, அதை அடுத்த வருடம் பார்க்கலாம்.

கைத்தடியை வலிக்கும் கால் பக்கம்தானே பிடிக்க வேண்டும்? அம்மாவோடு தினமும் இதே சண்டை.
– கெப்போங்

அம்மா மறுபக்கம் பிடிக்கிறார் என்றால் அம்மா சொல்வதுதான் சரி. வலது முட்டி வலித்தால் தடி இடது கையில், வலது காலோடு சேர்ந்து தடியும் முன்னால் போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் தடியின் பிடி இருக்கட்டும். அடியில் உள்ள ரப்பரைத் திருப்பிப் பாருங்கள், வழவழவென்று தேய்ந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், சில வெள்ளிதான் ஆகும்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் பலவீனம். மூன்று மாதத்துக்கு மேல் முன்னேற்றம் வராது என்று ஒரு சொந்தக்காரர் சொல்ல, பிசியோவை நிறுத்திவிட்டோம். இப்போது உருவி விடும் ஒருவர் வாரம் இரண்டு முறை வருகிறார். பணிப்பெண் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், குளிப்பாட்டி, ஊட்டி எல்லாம் செய்கிறார்.
– ஒரு மகள், பாயான் பாரு

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக வரும் என்பது உண்மை. அதற்குப் பிறகு வராது என்பது அந்தச் சொந்தக்காரரின் சொந்தக் கருத்து. வேகம் குறையும், ஆனால் பழகினால் வரும். அடிபட்டிருப்பது தசையில்லை, மூளை. மூளை மறுபடி கற்றுக்கொள்ள ஒரே வழி, அந்தக் கையையும் காலையும் வைத்து ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. கோப்பையைப் பிடிப்பது, மேசைக்குக் கொண்டுபோவது, வைப்பது, மறுபடி பிடிப்பது, நூறு தடவை. சலிப்பான வேலைதான். உருவிவிடும்போது உடம்புக்குச் சுகமாக இருக்கும், அதில் தப்பில்லை, ஆனால் அப்பா சும்மா படுத்திருக்கிறார், வேலை செய்வது உருவுகிறவரின் கைகள்.

அந்த வலது தோள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பலமில்லாத தோளில் எலும்பைப் பிடித்து வைக்கத் தசை கிடையாது. கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது, மேலே மடக்கி உருவுவது எல்லாம் தோளைக் கெடுத்துவிடும், அப்புறம் வரும் வலி ராத்திரி தூங்க விடாது. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும். உணர்ச்சி குறைந்த பக்கம் சூடான ஒத்தடம் வேண்டாம், தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை, ஆகவே இதைப் படிக்கிற பல வீடுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பணிப்பெண் நல்லவர், அதுதான் சிக்கல். அவர் சட்டை மாட்டிவிட்டால் இரண்டு நிமிடம், அப்பாவே மாட்டினால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம்தான் சிகிச்சை. பிசியோவிடம் மறுபடி போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், எங்கே உதவ வேண்டும், எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவருக்கு நேரில் காட்டச் சொல்லுங்கள்.

மூன்று தடவை போனேன். ஒவ்வொரு முறையும் சூடான பை வைத்தார்கள், ஒரு மிஷினை மாட்டிவிட்டு அந்தப் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தது, கடைசியில் படம் போட்ட காகிதம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதற்கா பிசியோ?
– கோபத்துடன் ஒருவர், பிரிக்ஃபீல்ட்ஸ்

கோபம் நியாயமானது. சூடும் மின்சாரமும் கொஞ்ச நேரத்துக்கு வலியை அடக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. உங்களை எழுப்பி, நடக்கவிட்டு, முட்டியையும் முதுகையும் தொட்டுப் பார்க்காமல் மிஷினை மாட்டினால் அது பாதி வேலை. அடுத்த முறை நேராகக் கேளுங்கள்: "எனக்கு என்ன பலவீனம்? ஆறு வாரத்தில் நான் என்ன செய்ய முடிய வேண்டும்? இந்தப் பயிற்சியை நான் செய்து காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்." பதில் இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டப்படி பிசியோதெரபிஸ்டுகள் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவைக் காட்டுங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அரசாங்கச் சுகாதார கிளினிக்குகள் பலவற்றில் பிசியோ பிரிவு உண்டு, டாக்டரின் கடிதம் வேண்டும், தனியார் இடங்களோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சொற்பம். வரிசைதான் நீளம், ஒரு சந்திப்புக்கும் அடுத்ததுக்கும் வாரக்கணக்கில் இடைவெளி விழும். அதனால்தான் காகிதம் கொடுக்கிறார்கள். நடுவில் நீங்கள் வீட்டில் செய்தால்தான் அந்தச் சந்திப்புக்கே அர்த்தம். செய்தீர்களா? எழுதவில்லையே.

எனக்கும் ஒரு கோபம் உண்டு, இங்கே கொட்டிவிடுகிறேன். என் அப்பாவை நிமோனியாவுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பது நாள். விழுந்துவிடுவார் என்று பயந்து கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றிவிட்டு, சிறுநீர்க் குழாயைப் போட்டு, எழவே விடவில்லை. தாதிகள் அன்பானவர்கள், நேரத்துக்கு மருந்து கொடுத்தார்கள், நிமோனியா குணமாகிவிட்டது. நடந்து போன மனிதர் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது, கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்தது. அப்பாவுக்கு அப்போது 79. பழையபடி வாசல் வரை தனியாக நடக்க நாலு மாதம் பிடித்தது, அதுவும் வீட்டில் நான் இருந்ததால். உங்கள் வீட்டுப் பெரியவர் வார்டில் இருந்தால், "இன்றைக்கு நாற்காலியில் உட்காரலாமா, கழிப்பறைக்கு நடக்கலாமா" என்று தினமும் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்தவரையே மறுநாள் எழுப்பி நிற்க வைப்பதுதான் இப்போது முறை.

படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. பயிற்சி உண்டா?
– செபராங் ஜெயா

இரண்டு விதம் இருக்கிறது. எழுந்து நின்றதும் கண் இருட்டினால் இரத்த அழுத்தம் இறங்குகிறது, மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுங்கள். படுத்துப் புரளும்போதே அறை சுற்றினால் பெரும்பாலும் உள்காதில் உள்ள சின்னஞ்சிறு துகள்கள் இடம் மாறியிருக்கும், தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டு போக முடியும், ஒன்றிரண்டு தடவையில் பலருக்குச் சரியாகிவிடுகிறது. வீடியோ பார்த்துத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

வயது 81. தினமும் காலையில் தாவரவியல் பூங்காவில் 40 நிமிடம் நடக்கிறேன். டாக்டர் மெச்சுகிறார். இது போதாதா?
– ஐயா ஒருவர், ஜாலான் கெபுன் பூங்கா, பினாங்கு

இந்த மாதக் கடிதங்களில் எண்பதைத் தாண்டியவர் தன் கையால் எழுதிய ஒரே கடிதம் உங்களுடையது ஐயா, அதற்கே வணக்கம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன்: போதாது. நடை இருதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் சமதரையில் நேராக நடப்பது பலத்தையும் சமநிலையையும் பெரிதாகக் கூட்டுவதில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாளாவது இந்த இரண்டுக்கும் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஆகவே நடையில் பத்து நிமிடத்தைக் குறைத்து, அங்கே இருக்கும் சிமெண்டு இருக்கையில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுங்கள். வீட்டில் பல் துலக்கும்போது சிங்க்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றப் பாதத்தின் விரல்களுக்கு முன்னால் ஒட்டி வைத்து நில்லுங்கள். பிடித்த கையை விட்டு 10 வினாடி அசையாமல் நிற்க வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்தது சொல்கிறேன்.

அப்புறம், நடைக்குப் போகும்போது நெகிழிப் பையில் ரொட்டி, வாழைப்பழம் எதுவும் கொண்டு போகாதீர்கள். அங்கே உள்ள குரங்கு பையைப் பிடித்து இழுக்கும்போது விடாமல் மல்லுக்கட்டி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்த இரண்டு பேருக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.